மேல்மாடி எல்டரும் சிஸ்டரும்

ஃபிஜியின் தலைநகர் சுவாவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மேல்மாடிக்கு ஒன்றரை வருடத்துக்கு ஒரு முறை புதிதாக ஒரு வயதான தம்பதி வந்து சேர்வார்கள். அமெரிக்காவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ வருவார்கள். வயது எழுபதை ஒட்டி இருக்கும். அவருக்கு வெள்ளைச் சட்டை, டை. அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை. இருவர் நெஞ்சிலும் கறுப்பு நேம் டேக். முந்தைய தம்பதி விட்டுப்போன ரைஸ் குக்கர், குடை, கொசுவலை எல்லாம் அப்படியே அடுத்தவர்களுக்குப் போகும்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இவர்கள் என்றால் உயிர். அவருடைய தாத்தா மதராஸில் கப்பலேறி, கரும்புத் தோட்டக் கூலியாக ஃபிஜிக்கு வந்தவர். பேரனிடம் தமிழில் மிஞ்சியிருந்தது இரண்டு முருகன் பாட்டும் கொஞ்சம் கெட்ட வார்த்தைகளும்தான். பேச்செல்லாம் ஃபிஜி இந்தியில். "வாடகை ஒண்ணாந்தேதி டாண்ணு வந்துடும். குடி இல்ல, சிகரெட் இல்ல. டீ, காப்பி கூட இல்லன்னா பாத்துக்கோ" என்பார். டீ இல்லை என்பதுதான் அவருக்குக் கடைசிவரை ஜீரணமாகாத விஷயம்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள் இவர்கள். மார்மன் மிஷனரி என்றால் இரண்டிரண்டு பேராக டை கட்டிக்கொண்டு தெருவில் நடக்கும் இருபது வயதுப் பையன்கள்தான் நமக்கு ஞாபகம் வரும். பணி ஓய்வு பெற்றவர்களும் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளைகளெல்லாம் தனிக் குடித்தனம் போனபின், கணவனும் மனைவியுமாக விண்ணப்பம் போடுவார்கள். 6 மாதத்திலிருந்து 23 மாதம் வரை. உடம்பு, பல் எல்லாம் டாக்டர் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். எந்த ஊர் என்று ஆசையைச் சொல்லலாம். முடிவு சால்ட் லேக் சிட்டியில். சம்பளம் கிடையாது. வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் சொந்தக் காசு. வீடு வீடாகக் கதவு தட்டச் சொல்லமாட்டார்கள். ஆபீஸ் கணக்கு, மருத்துவம், வண்டிகள், பள்ளிக்கூடம், நிவாரண வேலை, குடும்ப வரலாற்றுப் பதிவுகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று.

நான் நாகர்கோவில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். மார்மன் நம்பிக்கைகளில் பாதி எங்கள் ஓய்வுநாள் பள்ளி வாசலைக்கூடத் தாண்டாது. அதற்குள் நான் போகப்போவதில்லை. பிஷப் வருகிறார் என்றால் ஒரு சபை என்ன பாடுபடும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்தவன். அந்தக் கண்ணோடுதான் 2019 மே மாதத்தை மேல்மாடியில் பார்த்தேன்.

அந்த மாதம் சபையின் உலகத் தலைவர் ரசல் எம். நெல்சன் பசிபிக் தீவுகளுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 94. சபையார் அவரைத் தீர்க்கதரிசி என்றே சொல்வார்கள். அதற்கு முன் அவர் இதய அறுவை மருத்துவர். இதய-நுரையீரல் இயந்திரம் ஒன்றை உருவாக்கிய மினசோட்டா குழுவில் இளம் டாக்டராக இருந்தவர். முந்தைய வருடம் உலகச் சுற்றுப்பயணத்தில் பெங்களூருக்கும் போயிருந்தார். இந்தத் தடவை ஹவாயில் கோனா, அங்கிருந்து சமோவா, சிட்னி, நியூசிலாந்து, ஃபிஜி, தோங்கா, கடைசியில் தஹிதி. எல்லாம் பத்து நாளுக்குள். நடுவில் பன்னாட்டுத் தேதிக்கோட்டை வேறு தாண்ட வேண்டும். தோங்காவிலிருந்து தஹிதிக்குப் போகிறவர் கிளம்பியதற்கு முந்தின நாளில் போய் இறங்குவார். நாற்பத்தைந்து வயதில் எனக்கே அது தலையைச் சுற்றும்.

செய்திகளில் வந்தது சந்திப்புகள்தான். வெலிங்டனில் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன், தோங்காவில் மன்னர் ஆறாம் துபோ, சமோவாவில் பிரதமர் துய்லயேபா. கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டு இரண்டு மாதம்தான் கடந்திருந்தது. ஆக்லாந்தில் முஸ்லிம் தலைவர்களைச் சந்தித்து, மசூதிகளைச் சீரமைக்க நன்கொடையும் அறிவித்தார். இதெல்லாம் மேலே நடந்தது. கீழே என்ன நடந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த ஜன்னல் மேல்மாடி சமையலறை.

அந்த வருடத்துத் தம்பதி ஐடஹோ மாநிலத்துக்காரர்கள். எல்டர் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சபையில் ஆண் மிஷனரிக்கு எந்த வயதிலும் எல்டர் என்றுதான் பெயர், பெண்ணுக்கு சிஸ்டர். ஃபிஜியில் இருந்த மிஷனரிகளின் வண்டிகள் இவர் பொறுப்பு. சிஸ்டர் நர்ஸ். இருபது வயதுப் பையன்களின் காலைப் பார்ப்பதுதான் அவருடைய முக்கால்வாசி வேலை. சுவாவில் வருடம் முழுக்க மழை. ஷூவுக்குள் ஈரம் காயாது. கொசு கடித்த இடத்தைச் சொறிந்து, புண்ணாகி, சீழ் வைத்து, காய்ச்சல் வந்த பிறகுதான் பையன்கள் போன் பண்ணுவார்கள். அவர் போனிலேயே வைவார். தன் பேரனை வைகிற அதே குரலில். இரண்டு தெரு தள்ளி இருப்பவனுக்குக்கூடக் கேட்கும்.

வருகை உறுதியானதும் இருவர் வேலையும் தலைகீழானது. எல்டர் ஒரு பலகை செய்தார். மரப்பலகையில் வரிசையாகக் கொக்கி, ஒவ்வொரு கொக்கிக்குக் கீழேயும் வண்டி எண். சாவியை எடுக்கிறவர் அந்த இடத்தில் தன் பெயர் எழுதிய அட்டையை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சொந்த வண்டி, வாடகை வண்டி, சபையார் இரவல் கொடுத்தது என்று எல்லாவற்றுக்கும் சாவி அந்தப் பலகையில். இரவல் வண்டிகளைத்தான் அவர் நம்பவில்லை. ஒவ்வொன்றையும் எங்கள் முற்றத்தில் நிறுத்தி, மல்லாந்து படுத்து, அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒரு வேனின் பிரேக் ஆயில் குழாயில் கசிவு. அதன் சொந்தக்காரர் அந்த வேனில்தான் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். எல்டர் ஒன்றும் சொல்லவில்லை. குழாயை மாற்றி, பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு, சாவியைக் கொக்கியில் மாட்டினார்.

அப்புறம் கப்பல். வனுவா லெவு, தவேயுனி பக்கத்துச் சபையார் இரவுக் கப்பலில் சுவாவுக்கு வருவார்கள். பாய், தலையணை, கைக்குழந்தை, மூட்டை மூட்டையாக டாலோ கிழங்கு. காலையில் துறைமுகத்திலிருந்து ஆலயங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அழைத்துப் போக வேண்டும். அங்கேதான் தூக்கம், சமையல். கப்பல் தாமதமானால் எந்த வேன் எங்கே நிற்கும் என்று எல்டர் மூன்று விதமாக அட்டவணை போட்டு வைத்திருந்தார். கப்பல் நான்காவது விதமாக வந்தது. சீக்கிரமே வந்துவிட்டது. பசிபிக்கில் அதை யார் எதிர்பார்ப்பார்கள்?

இதெல்லாம் வெறும் வேலை. ஆளும் நேரமும் இருந்தால் யாரும் செய்துவிடலாம். உள்ளூரிலேயே கெட்டிக்காரர்கள் நிறைய உண்டு. பாடகர் குழு, பாய் விரிப்பு, மாலை, விருந்து, தலைக்கட்டு வரிசைப்படி வரவேற்பு என்று ஒரு பெரியவரை வரவேற்கும் கலையில் ஃபிஜிக்காரர்களுக்கு அமெரிக்கர்கள் சொல்லித்தர ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் இந்த வெள்ளைக்காரக் கிழவன் கிழவி எதற்கு என்று எனக்கு முதலில் தோன்றியது. தலைவர் பேசும் கூட்டத்துக்கான நுழைவுச் சீட்டு விஷயத்தில்தான் அது புரிந்தது.

ஃபிஜியில் கெரெகெரே என்று ஒரு வழக்கம் உண்டு. உறவுக்காரர் வந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்வது முறையல்ல. பணம், சட்டை, படகு, எதுவானாலும். இன்றைக்கு நீ கொடுத்தால் நாளைக்கு நீ கேட்கலாம். நல்ல வழக்கம்தான், பஞ்ச காலத்தில் கிராமத்தையே காப்பாற்றும். ஆனால் இடம் குறைவாகவும் சொந்தம் நிறையவும் இருக்கும்போது, நுழைவுச் சீட்டுக் கட்டு ஒரு உள்ளூர்க்காரர் கையில் இருந்தால் அவர் கதி என்ன? மாமன் வருவார், மச்சான் வருவார், மனைவியின் ஊர்த் தலைவர் வருவார். கொடுத்தால் சீட்டு தீர்ந்துபோகும். கொடுக்காவிட்டால் அடுத்த பத்து வருடம் கல்யாணத்திலும் சாவிலும் அந்தப் பேச்சு அடிபடும்.

அதனால் சீட்டுக் கட்டை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டார்கள். யோசித்துக் கொடுத்ததுதான். அவருக்கு அந்தத் தீவில் சொந்தம் இல்லை, பங்காளி இல்லை, பழைய கடன் இல்லை. சபையிலும் எந்த அதிகாரப் பதவியும் இல்லை. மூத்த மிஷனரிகள் யாருக்கும் தலைவர் அல்ல. ஆனால் நரைத்த தலை. ஃபிஜியில் நரைத்த தலைக்கு முன் குரலை உயர்த்தமாட்டார்கள். பதவியும் கட்சியும் இல்லாத, ஆனால் வயது இருக்கிற ஆள். உள்ளூரில் அப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டம். அங்கே வயதானவர் என்றாலே யாருக்கோ மாமா, யாருக்கோ எதிராளி.

எங்கள் ஊர் அசனப் பந்தலில், அதாவது சபை விருந்தில், பரிமாற மட்டும் வெளியூர் வாலிபர் சங்கத்தைக் கூப்பிடுவார்கள் என்பது ஞாபகம் வந்தது. யாருக்கு எலும்பு வந்தது, யாருக்குக் கறி வந்தது என்று பிறகு சண்டை வராது.

சிஸ்டர் இதை எப்படிச் சமாளித்தார் என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். லேமினேட் செய்த அட்டைகளை சமையலறை மேசையில் வெட்டிக்கொண்டிருந்தார். வாசலில் பெரியவர் ஒருவர், சுலு உடுத்து, மடிப்புக் கலையாத சட்டையோடு. பதினோரு சீட்டு வேண்டும் என்றார். சிஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அவரை உட்காரவைத்து, எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். பதினோரு பேர் பெயரையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் வயது என்ன, நடக்க முடியுமா, மூச்சுத் திணறல் உண்டா, குழந்தைக்குப் பால் கொடுக்கிறவரா என்று நர்ஸ் கேள்விகள். முக்கால் மணி நேரம். கடைசியில் நடக்க முடியாத இரண்டு பேருக்குச் சீட்டு, கூட ஒருவருக்கு. மற்ற எட்டுப் பேரும் ஆலயத்தில் ஒளிபரப்பில் பார்க்கலாம் என்றார். பெரியவர் நன்றி சொல்லிவிட்டு, இரண்டு அன்னாசிப் பழத்தை வைத்துவிட்டுப் போனார். பதினொன்றில் மூன்றுதான் கிடைத்தது, ஆனால் பதினோரு பேரையும் ஒருவர் உட்கார்ந்து விசாரித்துவிட்டார்.

அதே சிஸ்டர் இன்னொரு விஷயத்தில் தேவையில்லாமல் கவலைப்பட்டார். தலைவர்களைவிட உயரமான இடத்தில் உட்காருவது ஃபிஜியில் மரியாதைக் குறைவு என்று யாரோ அவருக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். அது உண்மைதான், கிராமத்து வீடுகளில். கூட்டம் நடக்கப்போவதோ பெரிய உள்விளையாட்டரங்கம். சுற்றிலும் படிப்படியாக மேலே ஏறும் இருக்கைகள். அழைக்கப்பட்ட ஊர்த் தலைவர்கள் கீழே தரையில். சாதாரண ஜனம் அவர்கள் தலைக்கு மேலே. என்ன செய்வது என்று இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் உள்ளூர் பெண்கள் சங்கத் தலைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சிஸ்டர், நாங்க அங்கதான நெட்பால் பாக்குறோம். ராத்து கீழ முன்வரிசையில உக்காந்திருப்பாரு, நாங்க மேல உக்காந்து கத்துவோம். இதுவரைக்கும் ஒருத்தரும் சாகல." ராத்து என்றால் ஊர்த் தலைவர்.

சுவாவுக்கு இந்தச் சபையின் பெரியவர்கள் வந்தபோதெல்லாம் ஏதாவது ஒன்று நடந்திருக்கிறது. 2000 மே 19 அன்று ஜார்ஜ் ஸ்பைட் கும்பல் பாராளுமன்றத்துக்குள் நுழைந்து பிரதமர் மகேந்திர சௌத்ரியையும் மற்றவர்களையும் பிணைக்கைதிகளாகப் பிடித்தது. 56 நாள். அதன் நடுவில், ஜூன் 18 அன்று, சுவாவில் கட்டி முடித்திருந்த கோயிலைப் பிரதிஷ்டை செய்ய அன்றைய தலைவர் கார்டன் பி. ஹிங்க்லி வந்தார். தொண்ணூறு வயது நிறைய ஐந்து நாள் பாக்கி. அந்த வாரத்திலேயே ஜப்பானில் ஃபுகுவோகா, ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட், மெல்போர்ன் கோயில்களையும் பிரதிஷ்டை செய்துவிட்டு வந்திருந்தார். மற்ற இடங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும் சடங்கு இங்கே மிகச் சிலரோடு முடிந்தது. அதே கோயிலைப் புதுப்பித்து 2016 பிப்ரவரி 21 அன்று மறுபிரதிஷ்டை செய்ய சபையின் மூத்த தலைவர்களில் ஒருவரான ஹென்றி பி. ஐரிங் வந்தார். முந்தின நாள்தான் வின்ஸ்டன் புயல். ஐந்தாம் வகைப் புயல், 44 பேர் பலி, நாடு முழுக்க ஊரடங்கு. அதனால் 2019இல் எங்கள் வீட்டுக்காரர் தினமும் காலையில் வானத்தைப் பார்ப்பார். "இவங்க பெரியவர் வர்றார்னா நான் அரிசி வாங்கி வச்சுடுவேன்" என்பார். மே மாதத்தில் புயல் காலம் முடிந்துவிடும் என்று சொன்னாலும் கேட்கமாட்டார். வாங்கியும் வைத்தார்.

இதற்கெல்லாம் வேர் 1844இல் இருக்கிறது. அடிசன் பிராட் என்ற பழைய திமிங்கில வேட்டைக் கப்பலாளியும் இன்னும் இருவரும் தஹிதிக்குத் தெற்கே துபுவாய் தீவில் இறங்கினார்கள். ஆங்கிலம் பேசாத மக்களிடம் இந்தச் சபை தொடங்கிய முதல் மிஷன் அதுதான். பிராட்டின் மனைவி லூயிசா அமெரிக்காவில் நான்கு பெண் பிள்ளைகளோடு தனியாக இருந்துவிட்டு, 1850இல் தானும் துபுவாய்க்கு வந்து சேர்ந்தார். தம்பதியாக வந்து ஊழியம் செய்வதற்கு இந்தப் பக்கத்தில் அவ்வளவு பழைய உதாரணம் இருக்கிறது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1950கள். 1955இல் சபைத் தலைவர் டேவிட் ஓ. மெக்கே தென் பசிபிக்குக்கு வந்துபோன பிறகு, நியூசிலாந்தில் ஹாமில்டன் கோயிலைக் கட்டத் தீர்மானித்தார்கள், 1958இல் முடிந்தது. கூலிக்கு ஆள் வைத்துக் கட்டவில்லை. மாவோரி, சமோவா, தோங்கா இளைஞர்கள் உழைப்பு மிஷனரிகளாக வந்து சம்பளம் இல்லாமல் கான்கிரீட் கல் அடுக்கினார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட்டது சுற்றியிருந்த சபையார். மேற்பார்வைக்கு அமெரிக்காவிலிருந்து மேஸ்திரிகள் குடும்பத்தோடு வந்து இருந்தார்கள். பசிபிக் முழுக்க இப்படிப் பள்ளிகளும் ஆலயங்களும் எழுந்தன. தோங்காவில் இன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்தச் சபை. பிரசங்கத்தால் வந்தவர்களைவிடப் பள்ளிக்கூடத்தாலும் சேர்ந்து கல் தூக்கியதாலும் வந்தவர்கள்தான் அதிகம் என்பது என் ஊகம். எல்டர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார். பரிசுத்த ஆவி என்பார். சரி, நான் வாதாடவில்லை.

கூட்ட நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நானும் போனேன், வேன் நிறுத்துமிடத்தில் ஆள் போதவில்லை என்று எல்டர் கேட்டதால் டார்ச்சோடு அங்கேயே நின்றேன். உள்ளே பாடகர் குழு பாடியது சுவரைத் தாண்டிக் கேட்டது. ஃபிஜிக்காரர்களின் நான்கு குரல் பாட்டுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. பேச்சு சரியாகக் கேட்கவில்லை. சிஸ்டர் உள்ளேதான் இருந்தார், ஆனால் முதலுதவி அறையில். புழுக்கத்தில் மயங்கியவர்கள், சர்க்கரை இறங்கியவர்கள், மூக்கில் ரத்தம் வந்த ஒரு பையன். எல்டர் முதல் வண்டி பக்கத்தில், சாவி கையில். தலைவர் கிளம்பும்போது எந்த வண்டியும் மக்கர் பண்ணக் கூடாது.

தீர்க்கதரிசி என்று நம்புகிற ஒருவர் ஐம்பது மீட்டர் தூரத்தில் இருக்கும்போது வேனைப் பார்த்துக்கொண்டு நிற்பது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று திரும்பி வரும்போது கேட்டேன். அவர் கார் ஏறுவதை எல்டர் தூரத்திலிருந்து பார்த்திருந்தார். "என்னைவிட அவருக்கு முதுகு நல்லா இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மூன்றாம் நம்பர் வேனில் கிளட்ச் வழுக்குகிறது, காலையில் பார்க்க வேண்டும் என்றார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தச் சபையின் முதலீட்டு நிதி ஏறக்குறைய 10,000 கோடி டாலர் என்று அதே வருடம் டிசம்பரில் செய்தி வந்தது. அந்த முதலீடுகளைத் தனித்தனி நிறுவனங்களின் பெயரில் காட்டி மறைத்ததாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம் சாட்டி, 2023இல் சபையும் அதன் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 50 லட்சம் டாலர் அபராதம் கட்டின. அத்தனை பணம் இருக்கும் இடம், ஓய்வூதியத்தில் வாழும் பஸ் மெக்கானிக்கிடம் உன் வாடகையை நீயே கட்டு என்கிறது. எல்டரிடம் நேராகவே கேட்டேன். கோபப்படவில்லை. பணம் கொடுத்தால் இது வேலை ஆகிவிடும், வேலை என்றால் நான் ஐடஹோவில் உட்கார்ந்திருப்பேன் என்றார். அவர் சொன்ன காரணம் அவருக்குச் சரி. சபைக்கு அது சரியா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். வசதி உள்ளவர்கள் மட்டுமே வர முடிகிற ஊழியமாக அது சுருங்கிவிடாதா? தோங்காவிலும் சமோவாவிலும் அறுபது வயதுக்காரர்கள் எத்தனை பேருக்கு ஒன்றரை வருடம் சொந்தக் காசில் வெளிநாட்டில் தங்க முடியும்?

2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் உலகம் முழுக்க மூத்த மிஷனரிகளைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். மேல்மாடிக்காரர்களுக்குத் தவணை முடிய இன்னும் மாதங்கள் இருந்தன. பெட்டி கட்ட ஒரு ராத்திரிதான் கிடைத்தது. ரைஸ் குக்கர், குடை, கொசுவலை எங்கள் வீட்டுக்கு வந்தன, அடுத்த தம்பதி வந்தால் கொடுக்கச் சொல்லி. நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை யாரும் வரவில்லை. வீட்டுக்காரர் மேல்மாடியை ஒரு வங்கி ஊழியருக்கு விட்டார். டீ குடிக்கிறவர்.

நெல்சன் 2025 செப்டம்பரில் 101 வயதில் காலமானார். செய்தி பார்த்து எல்டருக்கு மெயில் போட்டேன். இரண்டு வரி நன்றி. மீதி முழுக்க வேறு விஷயம். தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்துவிட்டதாம், டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டாராம், மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறார்களாம். இந்தத் தடவை தோங்கா கேட்டிருக்கிறார்கள். அங்கே வாடகைக்கு வேன் எடுத்தால் நாளைக்கு எவ்வளவு ஆகும், எனக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்டிருந்தார்.